நிறத்தை மட்டும் நம்பிய திரைகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"படிவம் ஏன் போகவில்லை என்று புரியவில்லை", "வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஒன்று போலவே இருக்கின்றன", "எந்த இருக்கை காலி என்று தெரியவில்லை" என்றெல்லாம் பயனர்களிடமிருந்து புகார்கள் வருகின்றன. அதே திரையைத் தம் கணினியில் திறந்து பார்க்கும் நிரலாளருக்கோ எல்லாம் தெளிவாகவே தெரிகிறது. ஆகவே, 'பிழை இங்கே வரவில்லை' என்ற குறிப்போடு அந்தப் புகார் மூடப்பட்டுவிடுகிறது. உண்மையில் பிழை அந்தத் திரையிலேயே இருக்கிறது. சொல்ல வேண்டிய செய்தி முழுவதையும் நிறத்தின் மேல் மட்டும் ஏற்றியிருப்பதால், நிறத்தைப் பிரித்தறியும் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு–பச்சை நிறப் பார்வைக் குறைபாடு உண்டு. பிற மக்களிடையே இந்த விகிதம் மாறுபடும். இவர்களில் பலர் "எனக்கு நிறம் தெரியவில்லை" என்று எழுதமாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. அணுக்கோட்பாட்டால் அறியப்படும் ஜான் டால்டன், ஒரு ஜெரேனியம் மலர் பகலொளியில் ஒரு நிறமாகவும் மெழுகுவர்த்தி ஒளியில் வேறு நிறமாகவும் தோன்றியதைக் கவனித்த பின்னரே தம் பார்வை பிறருடையதிலிருந்து வேறுபட்டது என்று உணர்ந்தார். 1794-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வாசித்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் பிற்பகுதி. நிறம் வெளிறித் தெரியும் மலிவான திரை, உச்சிவெயிலில் பிடித்த கைப்பேசி, நீலத்தைக் குறைக்கும் இரவு ஒளி அமைப்பு, கறுப்பு வெள்ளை அச்சு ஆகியவையும் நல்ல கண்ணுடையவரை இதே நிலையில் நிறுத்தும்.

டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில், ஒரு தகவலைத் தெரிவிப்பதற்கான ஒரே காட்சி வழியாக நிறம் இருக்கக் கூடாது என்பது 1.4.1-ஆம் விதி. 2008-இல் வெளியான 2.0 பதிப்பிலிருந்தே அது அடிப்படைத் தகுதியான 'ஏ' நிலையில் இருந்து வருகிறது. நிறத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. நிறம் சொல்வதை வேறொன்றும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

முதலில் பிழையை உங்கள் திரையில் வரவழையுங்கள்

திரை முழுவதையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்ப்பதுதான் மிக விரைவான சோதனை. விண்டோஸில் அணுகல்தன்மை அமைப்புகளில் 'கலர் ஃபில்டர்ஸ்' பகுதிக்குச் சென்று, 'கிரேஸ்கேல்' என்பதைத் தேர்ந்து, அங்கேயே விசைப்பலகைக் குறுக்குவழியையும் இயக்கிவிட்டால், பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், சி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மேக் கணினியிலும் ஐபோனிலும் இதே பெயரில் இதே வசதி உண்டு. குரோம் உலாவியில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, 'ரெண்டரிங்' பலகையின் கீழ்ப்பகுதிக்குப் போனால், சிவப்பு உணர்வின்மை, பச்சை உணர்வின்மை, நீல உணர்வின்மை, முழு நிறவின்மை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே போலச் செய்து பார்க்கலாம்.

இந்தக் கருவிகளுக்கு ஓர் எல்லை உண்டு. சாம்பல் நிறத் திரையில் பிரிந்து தெரியும் இரண்டு நிறங்கள், சிவப்பு உணர்வற்ற கண்ணுக்கு ஒன்றாகத் தெரியக்கூடும். அக்கண்ணுக்குச் சிவப்பு மிகவும் இருண்டு தெரிவதால், கறுப்புப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து ஏறத்தாழ மறைந்தே போகும். எனவே சாம்பல் சோதனையில் தோற்ற திரை நிச்சயமாகப் பழுதானது. அதில் தேறிய திரையைச் சிவப்பு, பச்சைப் போலித்தோற்றங்களிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: "படிவத்தை அனுப்பினால் எதுவும் நடக்கவில்லை"

சாம்பல் நிறத்தில் படிவத்தைத் திறந்து, வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அனுப்புவதற்கு முன்னும் பின்னும் திரை ஒன்று போலவே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: கட்டத்தின் ஓரக்கோடு சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது, அதன் தடிமன் மாறவில்லை, அருகில் ஒரு சொல்லும் தோன்றவில்லை. நிறம் தெரியாதவர் அனுப்பும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவார்; பிறகு இணையத் தொடர்பைக் குறை சொல்வார்; கடைசியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். இது வங்கிக் கணக்குக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ உரிய படிவமாக இருந்தால் அவர் இழப்பது சிறிதல்ல. அதனால்தான் இந்தப் பட்டியலில் முதலில் திருத்த வேண்டியது இது என்று கருதுகிறேன்.

கட்டத்துக்கு நேர் கீழே பிழைச் செய்தியை எழுத்தில் தாருங்கள். அச்செய்தி என்ன தவறு என்பதையும் எப்படித் திருத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். "தவறான உள்ளீடு" என்பது ஒருவருக்கும் உதவாது. "அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கங்கள் இருக்க வேண்டும், நீங்கள் 5 இலக்கங்களை உள்ளிட்டிருக்கிறீர்கள்" என்பது வேலையை முடித்துவைக்கும். செய்தியின் முன்னால் ஆச்சரியக்குறி கொண்ட ஒரு சிறு படவுருவை வையுங்கள். ஓரக்கோட்டின் தடிமனையும் கூட்டுங்கள். சிவப்பை எடுக்கத் தேவையில்லை, ஆனால் எந்தச் சிவப்பு என்பதில் கவனம் வேண்டும். கலப்பில்லாத தூய சிவப்பு எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம், அதாவது இரண்டின் ஒளிர்வும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு, சுமார் 4:1 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 தேவை என்று அதே வழிகாட்டுதல்கள் கேட்பதால், பலரும் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சிவப்பே விதியில் தேறாது. சற்று இருண்ட சிவப்பு தேறும்.

கண்ணுக்குத் தெரிவதோடு வேலை முடிவதில்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் நிறத்தை இயல்பாக அறிவிப்பதில்லை. எனவே பிழையுள்ள கட்டத்துக்கு 'ஏரியா-இன்வேலிட்' பண்பைச் சேர்த்து, 'ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை' வழியாகப் பிழைச் செய்தியை அக்கட்டத்தோடு இணையுங்கள். நீண்ட படிவமாக இருந்தால், அனுப்பியவுடன் முதல் பிழையுள்ள கட்டத்துக்குக் குவியத்தை, அதாவது விசைப்பலகை இயங்கும் இடத்தை, நகர்த்துங்கள். தமிழ்ச் செய்திகள் ஆங்கிலச் செய்திகளைவிட நீளமானவை. இரண்டு வரியாக மடியும். கட்டத்தின் கீழே மாறாத உயரம் வைத்திருந்தால் இரண்டாவது வரி வெட்டுப்பட்டு, மிகத் தேவையான பகுதியே காணாமல் போகும்.

இதே படிவத்தில் "சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்" என்ற வாசகம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பெயரின் அருகே நட்சத்திரக் குறியோ 'கட்டாயம்' என்ற சொல்லோ இருந்தால் போதும்.

அறிகுறி: "வேலை முடிந்ததா, தோற்றதா என்று தெரியவில்லை"

நிர்வாகப் பலகைகளிலும் கோரிக்கைப் பட்டியல்களிலும் ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஒரு வட்டப் புள்ளி இருக்கும்: பச்சை என்றால் முடிந்தது, சிவப்பு என்றால் தோல்வி, மஞ்சள் என்றால் காத்திருப்பு. மூன்றுக்கும் வடிவம் ஒன்றே, அளவும் ஒன்றே.

இங்கே பலரை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலைத்திரைகளை அமைக்க உதவும் பூட்ஸ்டிராப் 5 என்னும் கருவித்தொகுப்பு தரும் வெற்றிப் பச்சையையும் அபாயச் சிவப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வெள்ளையோடு உள்ள மாறுபாடு 4.5:1-ஐச் சற்றே தாண்டுவதால், மாறுபாட்டைச் சோதிக்கும் கருவி இரண்டையும் தேற்றிவிடும். ஆனால் அந்த இரண்டு நிறங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், கிடைக்கும் விகிதம் ஏறத்தாழ 1:1. ஒளிர்வில் இரண்டும் சமம். சாம்பல் நிறத்தில் அச்சிட்டால் எது வெற்றி, எது தோல்வி என்று எவராலும் சொல்ல முடியாது. மாறுபாட்டுச் சோதனை எழுத்து படிக்கத் தக்கதா என்பதைத்தான் பார்க்கிறது. இரண்டு நிலைகளைப் பிரித்தறிய முடியுமா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

திருத்தத்தை வடிவத்திலிருந்து தொடங்குங்கள்: முடிந்ததற்கு வட்டத்துக்குள் சரிக்குறி, தோல்விக்குப் பெருக்கல் குறி, காத்திருப்புக்குக் கடிகாரம் அல்லது உள்ளீடற்ற வளையம். அடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் சொல்லைத் தாருங்கள். சுட்டியை மேலே வைத்தால் மட்டும் தோன்றும் சிறுபெட்டிக்குள் அச்சொல்லை ஒளித்து வைக்காதீர்கள். தொடுதிரையில் சுட்டியே கிடையாது. பச்சை வட்டம், சிவப்பு வட்டம் என்னும் இமோஜிகளைப் பயன்படுத்துவதும் தீர்வாகாது. திரைவாசிப்பான் அவற்றின் நிறத்தைப் பெயரால் சொல்லிவிடும் என்றாலும், கண்ணால் பார்ப்பவருக்கு அவை மறுபடியும் ஒரே வட்டம்தான்.

தமிழ் இடைமுகங்களில் இந்தப் பழுது மற்ற இடங்களைவிட அதிகமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் அடங்கும் நிலைப்பெயருக்காக அமைத்த குறுகிய நெடுவரிசையில், "நிலுவையில் வைக்கப்பட்டுள்ளது" என்ற மொழிபெயர்ப்பு அடங்குவதில்லை. உடனே சொல்லை நீக்கிவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்துவிடுகிறார்கள். சொல்லை நீக்குவதற்குப் பதிலாகச் சுருக்குங்கள்: 'முடிந்தது', 'தோல்வி', 'நிலுவை' என்ற மூன்றும் எந்த நெடுவரிசையிலும் அடங்கும். நிரலைப் பொறுத்தவரை, நிலையைக் காட்டும் கூறு ஒன்றை ஒரே இடத்தில் எழுதி, சொல்லும் படவுருவும் தராமல் நிறத்தை மட்டும் கொடுத்து அழைத்தால் அது இயங்க மறுக்கும்படி செய்துவிடுங்கள். ஒவ்வொரு திரையாகத் தேடித் திருத்துவதைவிட இது நீடித்து நிற்கும்.

அறிகுறி: "பத்தியில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை"

இணைப்புகளுக்கு உலாவி இயல்பாகத் தரும் அடிக்கோட்டை யாரோ அழகுக்காக நீக்கியிருப்பார்கள். அடிக்கோட்டைத் திரும்ப வையுங்கள். பெரும்பாலான இடங்களில் திருத்தம் அவ்வளவுதான். அடிக்கோடு இல்லாமலே வைத்தாக வேண்டும் என்றால், இணைப்பின் நிறத்துக்கும் சுற்றியுள்ள எழுத்தின் நிறத்துக்கும் இடையே குறைந்தது 3:1 மாறுபாடு இருக்க வேண்டும். சுட்டியோ விசைப்பலகைக் குவியமோ வரும்போது அடிக்கோடு போன்ற இன்னொரு அடையாளமும் தோன்ற வேண்டும். அடர்சாம்பல் எழுத்துக்கு நடுவே அடர்நீல இணைப்பு என்ற வழக்கமான சேர்க்கை இந்த 3:1-ஐப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

தமிழில் அடிக்கோடு அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கு, து, ரு, மூ போன்ற உகர, ஊகார எழுத்துகளின் வால்கள் கீழே இறங்குவதால் கோடு அவற்றை வெட்டிச் செல்கிறது. அதற்காகக் கோட்டையே கைவிட வேண்டியதில்லை. சிஎஸ்எஸ்-இல் 'டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்' என்னும் பண்பால் கோட்டைச் சற்றுக் கீழே இறக்கி, வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினால் எழுத்தும் கோடும் ஒன்றையொன்று இடிக்காது. பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் இயல்பாக உள்ள மொழிகளுக்கு வேறு சில வழிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து என்பதே கிடையாது. சிறிய அளவில் தடித்த எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. நமக்கு அடிக்கோட்டின் மதிப்பு அதிகம்.

அறிகுறி: "வரைபடத்தில் எந்தக் கோடு எதற்கு உரியது?"

முதலில் விளக்கப்பட்டியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது வரைபடத்துக்கு வெளியே, சிறிய வண்ணச் சதுரங்களாக இருந்தால், படிப்பவர் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு கண்ணை அங்கும் இங்கும் ஓட்ட வேண்டியிருக்கிறது. நிறம் நன்றாகத் தெரிபவருக்கே இது வீண் உழைப்பு. ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலும் அதன் பெயரை நேரடியாக எழுதிவிடுங்கள். இந்த ஒரு மாற்றம் பாதிப் பழுதை நீக்கும், விளக்கப்பட்டியலும் தேவையற்றதாகிவிடும்.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் பெயர் மட்டும் போதாது. அங்கே புள்ளிகளின் வடிவத்தை வட்டம், சதுரம், முக்கோணம் என்று வேறுபடுத்துங்கள். அல்லது முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, புள்ளிக்கோடு என்று மாற்றுங்கள். நான்கு வகைக்கு மேல் போனால் கோட்டு வகைகளும் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கும். ஏழெட்டுத் தொடர்களை ஒரே சட்டத்துக்குள் திணிப்பதைவிட, ஒரே அளவுகோலில் அமைந்த சிறிய வரைபடங்களாகப் பிரித்து வரிசையாக அடுக்குவது நல்லது. பட்டை, வட்டப் படங்களில் அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே மெல்லிய வெள்ளை இடைவெளி விட்டால், நிறம் எப்படித் தெரிந்தாலும் எல்லை தெரியும்.

நிறத்தையும் நன்றாகவே தேர்ந்தெடுங்கள். மசதகா ஒகபே, கெய் இட்டோ என்னும் இரண்டு ஜப்பானிய அறிவியலாளர்கள் வகுத்த எட்டு நிறத் தொகுப்பு, நிறக் குறைபாடு உள்ளவர்களையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. ஆரஞ்சு, வான்நீலம், நீலம்சார்ந்த பச்சை, செந்தூரம் முதலியவை அதில் உண்டு. அதிலுள்ள மஞ்சளை மட்டும் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கோடாகப் பயன்படுத்தாதீர்கள். வரைபடக் கூறுகளுக்கும் பின்னணிக்கும் இடையே 3:1 மாறுபாடு வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 பதிப்பின் 1.4.11-ஆம் விதி கேட்கிறது. மஞ்சள் அதற்கு அருகில்கூட வராது.

வெப்ப வரைபடம் போன்று அளவு தொடர்ச்சியாக மாறும் படங்களில் வானவில் வரிசை வேண்டாம். அதில் ஒளிர்வு ஏறியும் இறங்கியும் போவதால், சாம்பலில் பார்க்கும்போது நடுத்தர மதிப்பு உச்சத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்து பொருளையே மாற்றிவிடும். பைத்தான் மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப், 2017-இல் வெளியிட்ட 2.0 பதிப்பில் வானவில்லுக்குப் பதிலாக 'விரிடிஸ்' வரிசையை இயல்பாக்கியது. அதில் ஒளிர்வு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக ஏறுவதால், நிறம் போனாலும் வரிசை போகாது.

அறிகுறி: "காலி என்று நினைத்த இருக்கையை எடுக்க முடியவில்லை"

பேருந்து முன்பதிவுத் திரையில் காலி இருக்கை வெள்ளை, விற்றது சாம்பல், பெண்களுக்கு ஒதுக்கியது இளஞ்சிவப்பு, தேர்ந்தெடுத்தது பச்சை என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். பச்சை உணர்வற்ற கண்ணுக்கு வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்பும் மிக எளிதாக ஒன்றாகிவிடும். அவசரமாக ஊருக்குக் கிளம்பும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கண் இருந்தால், தமக்கென்றே ஒதுக்கிய இருக்கை விற்றுப்போனதாகத் தோன்றும்.

இருக்கைச் சதுரம் சிறியது. அதற்குள் ஓர் எழுத்துக்கோ ஒரு குறிக்கோ மட்டும் இடம் உண்டு. அது போதும். விற்ற இருக்கைக்குக் குறுக்குக் கோடு, பெண்களுக்கு உரியதற்குப் 'பெ' என்னும் எழுத்து, தேர்ந்தெடுத்ததற்குச் சரிக்குறியும் தடித்த ஓரமும், காலி இருக்கைக்கு எண் மட்டும். படத்தின் மேலே உள்ள விளக்கத்திலும் இதே குறிகளை அப்படியே வையுங்கள். திரைவாசிப்பானுக்கு ஒவ்வொரு சதுரமும் "இருக்கை 14, சன்னலோரம், பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, காலி" என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும். நாள்காட்டியில் விடுமுறையையும் முன்பதிவான நாளையும் காட்டும் இடங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

அறிகுறி: "எந்தத் தாவலில் இருக்கிறேன், பொத்தான் திறந்திருக்கிறதா?"

தேர்ந்தெடுத்த தாவலின் கீழே தடித்த கோடு இடுங்கள். நழுவு பொத்தானில் குமிழின் இடம் ஒரு குறிப்புதான் என்றாலும், எந்தப் பக்கம் 'இயக்கம்' என்பது எல்லாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அருகே 'இயக்கத்தில்', 'நிறுத்தத்தில்' என்று எழுதுங்கள். ஐபோனில் இதற்காகவே பொத்தானுக்குள் கோடும் வட்டமும் காட்டும் அமைப்பு இருக்கிறது.

அறிகுறி: "உயர் மாறுபாட்டு முறையில் பாதித் திரை காணவில்லை"

விண்டோஸில் மாறுபாட்டுத் தீம்களை இயக்கியவருக்கு, உலாவி உங்கள் பின்னணி நிறங்களை நீக்கிவிட்டு அவர் தேர்ந்த நிறங்களை வைக்கும். பெட்டி நிழல்களையும் எடுத்துவிடும். பின்னணி நிறத்தால் மட்டும் வரைந்த முன்னேற்றப் பட்டை, நிழலால் மட்டும் காட்டிய குவிய வளையம், ஓரமே இல்லாத பொத்தான் ஆகியவை அப்போது மறைந்துபோகும். அந்தப் பொத்தான்களுக்கும் பட்டைகளுக்கும் ஒளிபுகும் நிறத்தில் மெல்லிய ஓரக்கோடு கொடுத்துவிடுங்கள். சாதாரணத் திரையில் அது தெரியாது, மாறுபாட்டு முறையில் தானே நிறம் பெற்றுத் தோன்றும். முன்னேற்றத்தின் அளவைக் காட்டும் பகுதிக்கு, 'ஃபோர்ஸ்ட்-கலர்ஸ்' ஊடக வினவலுக்குள் 'ஹைலைட்' என்னும் அமைப்பு நிறத்தைத் தாருங்கள். அருகில் "60 விழுக்காடு முடிந்தது" என்று எழுதுவது அதைவிட உறுதியானது. உலாவிகள் அச்சிடும்போதும் பின்னணி நிறங்களை இயல்பாக விட்டுவிடுவதால், எழுத்தில் தந்த இந்தக் குறிப்பு அச்சுப் பிரதியையும் சேர்த்தே காப்பாற்றும்.

அறிகுறி: "பதிவுக் கோப்பில் எல்லா வரிகளும் ஒன்று போலவே இருக்கின்றன"

டெர்மினலில் சிவப்பாகவும் பச்சையாகவும் ஓடிய வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் நிறம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'பிழை', 'எச்சரிக்கை', 'சரி' என்ற சொல்லை எழுதுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவி காட்டும் மாற்றப் பட்டியலில் நிறத்தோடு கூட்டல், கழித்தல் குறிகளும் இருப்பதால், அது எங்கே போனாலும் படிக்கத் தக்கதாகவே இருக்கிறது.

திருத்தத்தை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது

இத்தனையும் செய்வதற்குப் பதிலாக, அமைப்புகளில் 'நிறக் குறைபாட்டு முறை' என்று ஒரு பொத்தான் வைத்துவிடலாமே என்ற யோசனை ஒவ்வொரு குழுவிலும் எழும். நான் அதை முதல் தீர்வாக ஏற்கமாட்டேன். தமக்குக் குறைபாடு இருப்பதை அறியாதவர் அந்தப் பொத்தானைத் தேடமாட்டார். வெயிலில் நிற்பவரும் தேடமாட்டார். அறிந்தவர்கூட உள்நுழையும் படிவத்தைக் கடந்த பிறகே அமைப்புகளுக்குப் போக முடியும். குறியும் சொல்லும் எல்லாருக்கும் உரிய இயல்பான திரையிலேயே இருக்கட்டும். அதற்கு மேல், நிரல் பகிரும் தளமான கிட்ஹப் தருவது போலச் சிவப்பு–பச்சைக்கு மாற்றான தீம்களைத் தருவது நல்ல கூடுதல் வசதி.

தானியங்கிச் சோதனைக் கருவிகளை மட்டும் நம்பாதீர்கள். மாறுபாட்டு விகிதத்தை அவை நன்றாக அளக்கும். பத்திக்குள் அடிக்கோடில்லாத இணைப்பைக்கூடச் சில கருவிகள் பிடித்துவிடும். ஆனால் ஒரு புள்ளியின் பச்சைக்குப் பொருள் இருக்கிறதா, அது வெறும் அலங்காரமா என்பதை மனிதர்தான் சொல்ல முடியும். எனவே, திரையின் தோற்றத்தைத் தொடும் ஒவ்வொரு மாற்றத்தையும் மதிப்பாய்வுக்கு அனுப்பும்போது, வண்ணப் படத்தோடு சாம்பல் நிறப் படம் ஒன்றையும் இணைக்கும்படி குழுவில் விதி வையுங்கள். மதிப்பாய்வாளர் சாம்பல் படத்தை முதலில் பார்த்து, எந்தக் கட்டத்தில் பிழை, எந்த வேலை தோற்றது, எந்தத் தாவல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்லிப் பார்க்கட்டும். ஏதாவது ஒன்றைச் சொல்ல முடியாமல் தயங்கினால், அந்த மாற்றம் திரும்பிப் போக வேண்டும்.